பெர்மிற்றில் பெயர் இல்லாத பெண்கள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்தில் காணி போதாமல், 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிக் கமம் செய்ய வந்த குடும்பங்களைப் பற்றி அரச கோப்புகளில் ஓரளவு கிடைக்கிறது: காணி இலக்கம், வாய்க்கால், பெர்மிற்காரரின் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம் பெற்றவரின்) பெயர். பெர்மிற்காரர் பெரும்பாலும் ஆண். அதே வளவில் நெல் அவித்து, காய்ச்சல்காரரைப் பார்த்து, பன்றிக்குக் காவல் இருந்தவளின் பெயரைக் கோப்பில் காண்பது அரிது. 1950களில் புதுப்பெண்ணாக வந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறை அண்டிய வயது. அவர்களின் குரலைப் பதியவும், வீடுகளில் மிஞ்சிய தாள்களையும் சாமான்களையும் காக்கவும், அந்தக் காலத்து மண்வீடு ஒன்றை அன்றைய முறைப்படியே கட்டவும் உதவி கேட்கிறோம்.

ஏன் பெண்களுக்குத் தனியாக என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் வளர்ந்த பெண்ணுக்குச் சீதனம் என்றால் வீடும் வளவும். தாய் வழியில் வந்த காணி மகளுக்குப் போகும். கிளிநொச்சி அடங்கிய வன்னிக்கு வந்ததும் அந்தப் பிடி விட்டுப்போயிற்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பெர்மிற்காரர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் இறந்தால் மனைவி உயிரோடு இருக்கும்வரை காணியில் இருக்கலாம், கைமாற்ற முடியாது. மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். அவளுக்குப் பிறகு வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னால் மகன். இந்த முன்பின் 2022இல்தான் திருத்தப்பட்டது. அதாவது, காடு வெட்டிய தலைமுறைப் பெண்களில் பெரும்பாலோர் போன பிறகு.

இனி வேலை விபரம்.

குரல் பதிவு: நாற்பது பெண்கள், ஒருவருக்கு மூன்று அமர்வு, அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் 180 மணி நேரம். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற்றில் ஒற்றைத்தடமாகப் பதிந்தால் மணிக்கு அரை ஜிகாபைற்றுக்குச் சற்றுக் கூட வரும். ஆகவே சேமிப்பு பெரிய செலவில்லை. மூன்று பிரதிகள் வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கவேண்டும். மகனோ மருமகனோ பக்கத்தில் இருந்தால் பதில் அவர்களிடமிருந்துதான் வரும், அம்மா தலையாட்டுவா. ஆகவே பெண்களே போய், தனியாக இருத்திக் கேட்பார்கள். "வாழ்க்கை எப்படி இருந்தது?" என்றால் "என்னத்தைச் சொல்ல, கஷ்டம்தான்" என்பதோடு முடியும். "நாளுக்கு எத்தனை குடம், எந்தக் கிணறு, மாரியில் எந்தப் பாதை" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். நெல் அவிப்பதைக் கேளுங்கள்: ஓரிரவு ஊறிய நெல்லின் உமி வாய் பிளந்ததும் இறக்கவேண்டும், கூட அவித்தால் அரிசி குழையும், வெயிலில் கடுமையாகக் காய்ந்தால் உரலில் பாதி குறுணலாகும். இது எந்தக் கமத்தொழில் அறிக்கையிலும் உழைப்பாகக் கணக்கில் வராத உழைப்பு. 1940களின் கடைசியில் நுளம்பைக் கொல்லும் டி.டி.ரி. மருந்துத் தெளிப்புப் பரவும்வரை மலேரியாக் காய்ச்சலில் போன கர்ப்பங்களைப் பற்றிப் பலர் தாயிடமிருந்து கேட்டிருக்கிறார்கள். அதை முதல் அமர்வில் கேட்கவே கூடாது.

ஒரு மணிப் பேச்சைத் தட்டச்சில் ஏற்ற ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல். எங்கள் பெரிய செலவு இதுதான். கட்டடத்துக்குத் தரவே எல்லோருக்கும் விருப்பம், பெயர்க்கல் வைக்கலாம் என்பதால். தயவுசெய்து தட்டச்சுக்குத் தாருங்கள்.

மண்வீட்டுக்குப் பாலை, முதிரைக் கப்புகள் தேவை. மண்ணில் புதையும் இரண்டு அடியையும் நெருப்பில் கருக்கித்தான் நடுவோம். கருகிய மேற்பட்டை கறையானைச் சில காலம் தள்ளிப்போடும், முற்றாகத் தடுக்காது. சுவருக்குப் புற்றுமண்ணும் நறுக்கிய வைக்கலும் மிதித்துக் குழைத்து, ஒன்றரை அடி ஏற்றிக் காயவிட்டு, பிறகு அடுத்த அடுக்கு. ஒரே நாளில் உயர்த்தினால் அடி பிதுங்கிச் சரியும். களி கூடினால் வெடிக்கும், மணல் சேர்க்கவேண்டும். சாரல் அடியை அரிக்காமல் சுற்றிக் குந்து வைக்கவேண்டும். கூரைக்குக் கிடுகு. குசினியைத் தனியாகவே கட்டுவோம், புகைபோக்கி இல்லாமல். புகை பட்ட கிடுகில் பூச்சி குறைவு, கூரை கூடக் காலம் இருக்கும். அதற்கு விலை கொடுத்தது அடுப்படியில் இருந்தவளின் கண்ணும் நெஞ்சும். பார்க்க வருபவர்களுக்கு இது தெரியவேண்டும் என்பதால்தான் புகைபோக்கி வைக்கச் சொன்ன ஆலோசனையை ஏற்கவில்லை. மெழுகுவது கிழமைக்கு ஒருமுறை, சாணியால். அதற்கும் கூலி ஒதுக்கியிருக்கிறோம், சும்மா செய்விக்கப் போவதில்லை.

தாள்களும் சாமான்களும்: பெர்மிற்றையோ பழைய கடிதங்களையோ லமினேற் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியது பிறகு கழறாது, தாளும் உள்ளுக்குள் பழுதாகும். 2009 போர்க்கால இடப்பெயர்வில் பொலித்தீன் பையில் கொண்டு திரிந்து ஒட்டிப்போன தாள்களைக் காயவைத்து உரிக்கவும் வேண்டாம். அப்படியே தாருங்கள். ஸ்கான் செய்து, மூலத்தை உங்களிடமே பொலியெஸ்ரர் உறையில் திருப்பித் தருவோம். கடகம், சுளகு, ஓலைப்பெட்டியில் பூச்சி இருந்தால் பையில் இறுக்கிக் கட்டி, பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸில் ஒரு கிழமை வைத்தால் போதும். அதற்கு ஒரு ஆழ்குளிர்பெட்டி வேண்டும். பழையதானாலும் ஓடினால் சரி.

வேறு தேவைகள்: ரெக்கோடர் 2, சட்டையில் குத்தும் மைக் 2, ஹாட் டிஸ்க் 3, கிடுகு, கப்பு. பணமாகத் தருபவர்கள் எந்த வேலைக்கு என்பதை ரசீதில் எழுதுவிக்கவும். ஒதுக்கியதை வேறு வேலைக்கு மாற்றினால் கொடுத்தவரிடம் கேட்டே மாற்றுவோம். கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படும்.

உங்கள் வீட்டில் அம்மம்மாவின் ரங்குப்பெட்டி இருந்தால், துடைத்து அடுக்கி வைக்காமல், முதலில் எது எதற்கு மேல் இருந்தது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு எங்களுக்கு அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஆவணக் குழுவினர்