தைவான் திரைப்பட விழாவுக்குப் போகிறோம்

அன்பான பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தத் தவணையின் கடைசிச் சனிக்கிழமை மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் கிடையாது. லண்டனுக்கு வரும் தைவான் பழைய படங்களின் விழாவுக்கு அவர்களை அழைத்துப் போகிறோம். ஒப்புதல் படிவம் இத்துடன் இருக்கிறது. “தமிழ்ப் பள்ளிக்கும் தைவான் படத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் கடிதம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீள்கிறது.

தைவான் சினிமா என்றதும், 1989இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதை வென்ற இயக்குநர் ஹூ சியாவ்-சியென்னின் பெயரைப் பலர் சொல்வார்கள். நாம் பார்க்கப்போவது அதற்கும் முந்தைய படங்கள். தீவில் பெரும்பாலானவர்களின் வீட்டுமொழி தைவானிய ஹொக்கியென். 1956இல் ஓர் இசைநாடகக் கதையை அந்த மொழியில் படமாக்கினார்கள். ஜனங்கள் திரையரங்குகளுக்குத் திரண்டு வந்தார்கள். நம் ஆரம்பகாலப் படங்களும் நாடக மேடையிலிருந்து இறங்கி வந்தவைதானே! அப்புறம் எழுபதுகள் வரை குடும்பக் கதை, துப்பறியும் கதை, நகைச்சுவை, பேய்க்கதை என 1000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். இன்று மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 200.

மற்றவை ஏன் அழிந்தன? குறைந்த செலவில் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர்களால் வண்ணப் படத்தோடு போட்டி போட முடியவில்லை. தொலைக்காட்சி வந்தது. அரசின் ஆதரவெல்லாம் அரசு மொழியான மாண்டரின் சீனத்தில் எடுத்த படங்களுக்கே போனது. பிரதிகளைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் ஓர் ஆசிரியராக என்னை உறுத்துவது வேறொன்று. தைவானில் 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டம் நடந்தது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வீட்டுமொழி பேசிய பிள்ளைக்கு அபராதம் போட்டார்கள். சில இடங்களில் ‘இனி வீட்டுமொழி பேசமாட்டேன்’ என்ற பொருளில் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். இன்னொரு பிள்ளை அப்படிப் பேசி மாட்டிக்கொண்டால்தான் அட்டை அதன் கழுத்துக்கு மாறும். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு, தன் வீட்டில் பேசும் மொழியில் வந்த படம் மட்டமாகத் தெரிந்ததில் என்ன ஆச்சரியம்? அந்த மொழிக்கும் தேசிய மொழிகளில் ஒன்று என்ற அந்தஸ்தைத் தரும் சட்டம் 2019இல்தான் வந்தது.

இங்கே நம் பிள்ளைகளின் கழுத்தில் யாரும் அட்டை மாட்டுவதில்லை. ஆனாலும் பேருந்தில் அம்மம்மா தொலைபேசியில் அழைத்தால் ஆங்கிலத்தில் பதில் சொல்லிச் சட்டென்று வைத்துவிடும் பிள்ளைகளை நானும் பார்க்கிறேன், நீங்களும் பார்க்கிறீர்கள். அதைத் திட்டி மாற்ற முடியாது. ஒரு மொழியைப் பற்றிய வெட்கம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களே பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

தப்பிய படங்களைத் தைவானின் திரைப்பட ஆவணக் காப்பகம் சேகரித்து, கீறலும் கறையும் நீக்கிச் சீராக்கி வருகிறது. 2017இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் முன்நின்று, அவற்றை ஆங்கில வசனவரிகளோடு பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியில்தான் நாமும் பார்க்கப்போகிறோம்.

இரண்டு படங்களைத் தேர்ந்திருக்கிறேன். 1959இல் வந்த ‘வாங் அண்ணனும் லியு அண்ணனும் தைவானைச் சுற்றுகிறார்கள்’ நல்ல சிரிப்புப் படம். ஒருவர் குண்டு, மற்றவர் ஒல்லி. ஜோசியர் குண்டருக்கு அதிர்ஷ்டம் வரும் என்கிறார். ஒல்லிக்கோ 44 நாளில் சாவு என்று நாள் குறித்துவிடுகிறார். சொன்னபடி பணம் வந்து சேர, இருவரும் தீவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய தெருக்களையும் கோவில்களையும் இதில் பார்க்கலாம். மற்றது 1961இன் ‘மான் வீரன்’ கதை. மான், ஓநாய், நரி என்று நடிகர்கள் விலங்கு வேடம் போட்டு நிஜமான காட்டிலேயே ஓடியாடி நடித்திருக்கிறார்கள். வேடம் போட்டது அப்பட்டமாகத் தெரியும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சண்டைக் காட்சிகள் கொஞ்சம் கடுமை. சின்ன வகுப்புகளை அழைத்துப் போகாததற்கு அதுதான் காரணம். விழாவில் பெரியவர்களுக்கான படங்களும் உண்டு, அவற்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகமாட்டோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். போவதற்கு முந்தைய வாரம் வீட்டில் அம்மம்மா, அப்பப்பா யாராவது இருந்தால், அவர்கள் முதன்முதலில் எந்தத் திரையரங்கில், யாரோடு படம் பார்த்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பதிலைத் தமிழில் அரைப் பக்கம் எழுதி வரட்டும். பிழை இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் திருத்திக் கொடுக்க வேண்டாம்.

தாத்தா பாட்டிகளுக்கும் சில இருக்கைகள் எடுத்து வைத்திருக்கிறோம். வர விரும்பினால் படிவத்தின் பின்பக்கம் பெயர் எழுதுங்கள். ரயிலில் கூட வர நான்கு பெற்றோர் தேவை. பயணச் செலவு சிரமம் என்றால் தயங்காமல் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், அதற்காக எந்தப் பிள்ளையும் வராமல் இருக்க வேண்டாம். படிவங்களை அடுத்த சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்