மருந்துக் குழாய்க்குக் கப்ளிங் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர் சிப்காட்டிலும் சிட்கோ தொழிற்பேட்டைகளிலும் குழாய் இணைப்புகளை வரைகிற, கடைகிற பொறியாளர்களுக்கு,

வணக்கம். போச்சம்பள்ளிப் பக்கம் பவர் ஸ்பிரேயர்களும் டிராக்டர் ஹைட்ராலிக்கும் பழுது பார்ப்பவன் எழுதுகிறேன். பூச்சிமருந்துக் குழாய்களைத் திருகாமல் சட்டென்று இணைக்கும் உங்கள் குயிக் கப்ளிங் மாட்டியிருக்கும்வரை அதன்மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. கழற்றும்போதுதான் வம்பு.

மார்கழியில் மா பூவெடுத்ததும் தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்தடிப்பு தொடங்கிவிடும். வயதான பெங்களூரா மரத்தின் உச்சிக்கு மருந்து எட்ட வேண்டுமென்றால் பம்பில் சதுர செ.மீ.க்கு 30 கிலோ அழுத்தமாவது வைக்கிறார்கள். டிராக்டர் வரப்போரம் நின்றுவிடும். கடைசி வரிசைக்குக் குழாய் எட்டாது. இன்னொரு சுருளைக் கப்ளிங் போட்டு நீட்டுவார்கள். வேலை முடிந்ததும் பம்பை நிறுத்திவிட்டுக் காலரை, அதாவது கப்ளிங்கைப் பூட்டும் வெளி வளையத்தை, பின்னுக்கு இழுப்பார்கள். பம்பு நின்றால் அழுத்தமும் போய்விட்டதென்று நினைப்பு. மருந்தடிக்கும் கன் மூடியிருந்தால் அழுத்தம் குழாய்க்குள்ளேயே அடைபட்டிருக்கலாம். கப்ளிங்கின் உள்ளே செருகியிருக்கும் பாதியான நிப்பிள் துள்ளி வெளியே வரும்; பின்னாலேயே மருந்து கழற்றியவரின் முகத்திலும் மார்பிலும் பீய்ச்சும்.

கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் இடத்தின் விட்டம் 12 மி.மீ. என்று வையுங்கள். பரப்பு 1.13 சதுர செ.மீ.; 30 கிலோ அழுத்தத்தில் நிப்பிளை வெளியே தள்ளும் விசை சுமார் 34 கிலோ. காலருக்கு அடியில் இருந்து நிப்பிளின் பள்ளத்தில் இறங்கிப் பூட்டும் குண்டுகள் தாங்குமா என்று பார்க்க நீங்களும் இதே கணக்கைத்தான் போடுகிறீர்கள். அந்த 34 கிலோ ஓர் ஆளின் கைப்பிடியில் விடுபடும் நொடியையும் வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இரண்டு பக்கமும் வால்வே இல்லாத பித்தளைத் துண்டுகள். கழற்றினால் இரு குழாயும் வாய் பிளந்து கிடக்கும். வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் ரெகுலேட்டரை எடுத்ததும் வால்வு தானாக மூடிக்கொள்கிறது. அந்தப் பாதுகாப்பு பூச்சிமருந்துக்கு வேண்டாமா? இருபுறமும் தானே மூடும் வால்வு வையுங்கள். கூம்பு முனை வால்வாக இருந்தால் நடுவே சிக்கிய மருந்து கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். மண் அள்ளும் எந்திரங்களில் வரும் தட்டை முகக் கப்ளிங்கில் (ஐ.எஸ்.ஓ. 16028 தரநிலை வகை) அதுவும் ஏறக்குறைய இல்லை. வால்வு வைத்தால் ஓட்டம் குறையும், விலை ஏறும் என்பீர்கள். இரண்டும் உண்மை. அப்படியானால் பம்புப் பக்கத்துப் பாதியிலாவது வால்வு இருக்கட்டும். காற்றுக் குழாய்களுக்கான பாதுகாப்புக் கப்ளிங்குகளில், முதல் அசைவில் அழுத்தம் வடியும், இரண்டாம் அசைவில்தான் நிப்பிள் விடுபடும். இங்கும் அதைச் செய்யலாம். வடிவது மட்டும் கழற்றுபவர் பக்கம் திரும்பக் கூடாது.

போன வாரம் திறந்த ஒன்றைச் சொல்கிறேன். காலருக்கு அடியில் செம்மண். ஸ்பிரிங் சுருளுக்குள் சாம்பல் நோய்க்குத் தண்ணீரில் கலந்து அடிக்கும் நனையும் கந்தகம் மஞ்சள் பாறையாக இறுகியிருந்தது. அதனால் காலர் முழுதாக முன்னே வரவில்லை, குண்டுகள் பள்ளத்தில் முக்கால்வாசிதான் இறங்கியிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் மாட்டியதாகவே தெரியும். கையுறையோடு, பம்புச் சத்தத்தில், 'டிக்' ஒலியையும் யாரும் கேட்க முடியாது. பூட்டாத காலருக்கு அடியில் ஒரு சிவப்பு வளையம் தெரியட்டும், பூட்டியதும் மறையட்டும். குழாயைத் தரையில் இழுக்கும்போது காலர் கல்லிலோ வேரிலோ இடித்துத் திறந்துகொள்வதும் உண்டு. சற்றுத் திருப்பினால்தான் பின்னுக்கு வரும் காலர் இருக்கிறதே, அதைச் செய்ய ஒரு காடியும் ஒரு முளையும் போதும்.

ஓ-ரிங் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் ஈ.சி. மருந்துகள் பலவற்றில் சைலீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. ஈ.பி.டி.எம். ரப்பர் அதில் ஊதிப் பள்ளத்தைவிட்டுப் பிதுங்குகிறது. நைட்ரைல் ரப்பரும் நெடுநாள் நிற்பதில்லை. வைட்டான் வகை தாங்கும், விலை அதிகம். ஆனால் எந்த ரப்பர் என்று உறையில் ஒரு வரி அச்சிட என்ன செலவு? கடைக்காரர் கறுப்பு வளையம் எதைக் கொடுத்தாலும் வாங்கிப் போடுகிறார்கள்.

இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. மருந்துக் குழாயின் நிப்பிள் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயிலும் அப்படியே மாட்டிக்கொள்கிறது. சாயங்காலம் அதே குழாயில் மாட்டுத் தொட்டி நிரம்புகிறது. கார் ஏ.சி.யில் ஆர்-134ஏ வாயுவுக்குத் தாழ்அழுத்தப் பக்கம் 13 மி.மீ., உயர்அழுத்தப் பக்கம் 16 மி.மீ. என்று வாயையே வேறாக வைத்திருக்கிறார்கள். மாற்றி மாட்ட நினைத்தாலும் மாட்டாது. மருத்துவமனைக் குழாய்களுக்கு ஐ.எஸ்.ஓ. 80369 தரநிலை வந்ததும் இதே காரணத்துக்காகத்தான். மருந்துக்கென ஒரு தனி அளவை நீங்கள் எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அது யாருடைய அளவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, தண்ணீர்க் குழாயில் ஏறாமல் இருந்தால் சரி.

ஐப்பசிக்குள் சில ஜோடி மாதிரிகளோடு யாராவது இந்தப் பக்கம் வாருங்கள். செம்மண்ணில் புரட்டி, கந்தகக் கரைசலில் ஊறவைத்துக் காயவிட்டு, பிறகு மாட்டிக் கழற்றிப் பார்க்கலாம். அழுத்தத்தோடு கழற்றுகிற சோதனையை முதலில் வெறும் தண்ணீரில் செய்வோம். சிந்துவதை அளக்க ஓர் அளவுக்குவளையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்பிரேயர் மெக்கானிக்
போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்