ஆஸ்க்யாவுக்கு வண்டி ஓட்டப்போகும் அத்தானுக்கு

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். நீங்கள் அனுப்பிய ஐஸ்லாந்துப் பயணத்திட்டம் கிடைத்தது. ஜூன் மூன்றாம் வாரம், காலை 7 மணிக்கு நாட்டின் நடுவே போகும் ஸ்ப்ரெங்கிசாந்துர் மலைப்பாதையில் கிளம்புகிறீர்கள். நண்பகலில் அந்தப் பாதையில் இருக்கும் நீதாலுர் என்ற இடத்தில் சாப்பாடு. அங்கிருந்து கிழக்கே திரும்பி மாலை 4 மணிக்கு ஆஸ்க்யா எரிமலை, 5 மணி வரை புகைப்படம், இரவு மீவாத்ன் ஏரிக்கரையில் உறக்கம். கட்டம் போட்டு, வண்ணம் தீட்டி, தேநீருக்குக்கூட 15 நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஓட்டத்தான் முடியாது.

இதைத் தனிக் கடிதமாக எழுதாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தனியாகச் சொன்னால், "சரிம்மா, பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு நினைத்ததைத்தான் செய்வீர்கள். நாலு பேர் முன்னால் சொன்னால் கொஞ்சமாவது காதில் ஏறும். தவிர, இதே திட்டத்தை வேறு வேறு வண்ணங்களில் எனக்கு அனுப்புகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

முதலில் தேதி. ஐஸ்லாந்தைச் சுற்றி ஓடும் 1ஆம் எண் சாலையை வைத்து இந்த நாட்டை எடைபோடாதீர்கள். அது தார்ச்சாலை, ஆண்டு முழுவதும் வண்டி ஓடுவது. அந்த வளையத்துக்கு உள்ளே நாட்டின் நடுவயிறு முழுவதும் ஊரும் இல்லை, வயலும் இல்லை. எரிமலைக் குழம்பும் சாம்பலும் பனிப்பாறையும்தான். அங்கே போகும் மலைப்பாதைகளின் எண்ணுக்கு முன்னால் 'எஃப்' என்ற எழுத்து இருக்கும். அவற்றைத் திறக்கும் நாளை முடிவு செய்வது பனி. ஸ்ப்ரெங்கிசாந்துர் ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ திறந்தால் நல்ல ஆண்டு என்று அர்த்தம். பனி உருகிவிட்டதே, பாதை கண்ணுக்குத் தெரிகிறதே, பிறகு ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். மேல்மண் உருகினாலும் அடியில் உறைந்த மண் நீரை உள்ளே விடாது. மேலே சேறு நிற்கும். அதில் ஒரு வண்டி போனால் சக்கரம் புதைந்து பாதையே வாய்க்காலாகிவிடும். அடுத்து வருகிறவன் அதைத் தவிர்க்க ஓரத்தில் ஏறுவான், அதற்கடுத்தவன் இன்னும் ஓரத்தில். அதனால்தான் பூட்டு. அதை மீறி நுழைந்தால் அபராதம் உண்டு. ஜூலை கடைசி வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

அடுத்தது அந்தக் கோடு. நீதாலுரிலிருந்து ஆஸ்க்யாவுக்கு நிலப்படத்தில் எஃப்-910 என்று ஒரு கோடு போகிறது. செல்பேசி அதற்கு ஏதோ சில மணி நேரம் கணக்குச் சொல்கிறது. செல்பேசிக்குத் தூரம் தெரியும், தரை தெரியாது. அது வாத்னயோகுட்ல் பனிப்பாறையின் வடக்கு விளிம்பை ஒட்டிப் போகும் பாதை. கரடுமுரடான குழம்புப்பாறை மேல் சக்கரம் சக்கரமாகத் தூக்கி வைத்துப் போக வேண்டிய இடங்கள் உண்டு. அதைத் தாண்டினால் பனிப்பாறை உருகிய நீர் பரந்து ஓடும் மணல்வெளி. காலையில் ஈரமணலாகக் கிடப்பது வெயில் ஏறிய பிற்பகலில் ஓடையாகிவிடும். உங்கள் கட்டத்தில் நீங்கள் அங்கே நிற்பது சரியாகப் பிற்பகல். உள்ளூர்க்காரர்கள் 38 அங்குலச் சக்கரம் மாட்டிய ஜீப்புகளில், துணைக்கு இன்னொரு வண்டியோடு போகிற பாதை அது. நீங்களோ வாடகைக்கு எடுத்த சிறு வண்டியில், அக்காவையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு தனியாகப் போகப் பார்க்கிறீர்கள்.

வண்டியைப் பற்றிக் கேட்டபோது, "ஃபோர் வீல் டிரைவ்தான், கவலைப்படாதே" என்று எழுதியிருந்தீர்கள். எஃப் பாதையில் நுழையச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி அது. ஆறு கேட்பது வேறு. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி எவ்வளவு, இன்ஜின் காற்றை இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் அங்கே பேச்சு. அந்த வாய்க்குள் தண்ணீர் போனால் முடிந்தது. சிலிண்டருக்குள் காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும்போது அதைத் தள்ளும் கம்பியான கனெக்டிங் ராடு வளைந்துபோகும். நடு ஆற்றில் வண்டி நிற்கும். அப்புறம்தான் காப்பீட்டுப் பத்திரத்தைப் படிப்பீர்கள். தண்ணீரால் வந்த சேதத்தையும் அடிப்பாகத்தில் வந்த சேதத்தையும் அதில் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். வண்டியை இழுத்து வரும் செலவும் உங்கள் தலையில். சில வண்டிகளை, நான்கு சக்கரமும் இயங்கினாலும்கூட, எஃப் பாதையில் ஓட்டவே ஒப்பந்தம் அனுமதிக்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். வீட்டில் மின்கட்டண ரசீதைப் படிக்கும் அதே சந்தேகக் கண்ணோடு படித்தால் போதும்.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலைப்பாதையில் நீங்கள் முப்பது வருடம் ஓட்டிய அனுபவம் இதில் உதவாது. அங்கே இரண்டு சாதி ஆறுகள். குழம்புப்பாறை ஓட்டை நிறைந்தது; பெய்யும் மழையெல்லாம் அதற்குள் இறங்கி, எங்கோ தொலைவில் பாறை முடியும் விளிம்பில் ஊற்றாகப் பொங்கும். அப்படி வரும் ஆறு கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், நீர்மட்டம் அதிகம் மாறாது, அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். இன்னொன்று பனிப்பாறையிலிருந்து வருவது. அரைத்த பாறைத்தூள் கலந்து சாம்பலும் பழுப்புமாகக் கலங்கி ஓடும். அடி தெரியாது. காலையில் முழங்காலளவு இருந்தது மாலையில் இடுப்பளவு ஆகலாம். வெயில் நன்றாக அடித்த நாள்தான் அதற்குக் கெட்ட நாள். "இன்றைக்கு வானம் தெளிவாக இருக்கிறது, போகலாம்" என்று நாம் நினைப்பது அங்கே தலைகீழ்.

கரையில் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். ஆறு குறுகும் இடம் தாண்டுவதற்கு எளிது என்று கண் சொல்லும், கேட்காதீர்கள், குறுகினால் ஆழம். அகன்று, மேற்பரப்பு சிலுசிலுவென்று நெளியும் இடத்தில்தான் தண்ணீர் ஆழமில்லாமல் கல் மேல் ஓடும். வழவழவென்று அசையாமல் கறுத்துத் தெரியும் இடத்தின் பக்கமே போக வேண்டாம். முந்திய வண்டியின் சக்கரத்தடம் கரையில் தெரிகிறதே என்று அதையும் நம்பாதீர்கள், நேற்று ஓடிய படுகை இன்று இருக்காது. நடந்து தாண்டத் துணிவில்லாத ஆற்றை வண்டியில் தாண்டக் கூடாது என்பதுதான் கணக்கு. நீர் ஒன்றிரண்டு டிகிரி குளிரில் இருக்கும். கொஞ்ச நேரத்தில் கணுக்கால் மரத்து, பிறகு வலிக்கும். இறங்கிய பிறகு தாழ்ந்த கியர், மனிதன் நடக்கும் வேகம், நீரோட்டத்தோடு கொஞ்சம் சாய்வாக. நடுவில் கியர் மாற்றக் கூடாது, நிற்கக் கூடாது. வேகமாகப் பாய்ந்து தண்ணீரை இரண்டு பக்கமும் விசிறியடிப்பதெல்லாம் விளம்பரத்துக்கு எடுப்பது. அந்தத் தண்ணீர் நேராக இன்ஜினுக்குத்தான் போகும். சந்தேகமாக இருந்தால் காத்திருங்கள், பெரிய வண்டி ஏதாவது வரும். அது தாண்டுவதைப் பாருங்கள், ஆனால் அதன் சக்கர உயரத்தையும் பாருங்கள்.

காற்றையும் சொல்ல வேண்டும். கதவைத் திறக்கும்போது ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் அக்காவை. காற்றில் கதவு பின்பக்கம் மடிந்து கீலோடு பிய்ந்துபோவது அந்த ஊரில் சர்வசாதாரணம். வண்டியைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்துவது நல்லது.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கோபப்படுத்திய வரி ஒன்றுண்டு. "வெற்று நிலம்தானே, பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே ஓட்டி ஒரு படம் எடுக்கலாம்." கூடாது அத்தான். பாதையை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் அங்கே சட்டப்படி குற்றம். அபராதம் லட்சக்கணக்கான குரோனா வரை போகும். பணத்தை விடுங்கள். குழம்புப்பாறை மேல் படர்ந்திருக்கும் அந்தச் சாம்பல்பச்சைப் பாசியை ஒரு தடவை குனிந்து தொட்டுப் பாருங்கள். விரல் உள்ளே அமிழும். ஒரு சக்கரம் ஏறினால் அது பாளமாகப் பெயர்ந்துவிடும். பின்னால் காற்று வந்து அடியிலிருக்கும் மண்ணை வாரிக்கொண்டு போகும். மறுபடி மூடப் பல பத்தாண்டுகள் ஆகும். வெறும் கருமணல் என்றாலும் தடம் ஆண்டுக்கணக்கில் மாறாது. ஒவ்வொரு கோடையிலும் தேசியப் பூங்காக் காவலர்களும் தன்னார்வலர்களும் மண்ணைக் கிளறும் பல்வாரியை எடுத்துக்கொண்டு போய், யாரோ வட்டம் அடித்த தடங்களைக் கையால் கலைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, திட்டிவிட்டேன். இனி போகிற வழி.

மீவாத்ன் பக்கம் ரெய்க்யாலீத்தில் பெட்ரோலை முழுக்க நிரப்பிக்கொண்டு, 1ஆம் எண் சாலையில் கிழக்கே போய், மோத்ருதாலுர் வழியாக உள்ளே இறங்குங்கள். 469 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு பண்ணை அது. ஐஸ்லாந்தில் ஆள் வசிக்கும் பண்ணைகளில் இதுதான் மிக உயரமானது. அங்கிருந்து எஃப்-905, பிறகு எஃப்-910இன் கிழக்குப் பாதி. இந்த வழியில் பெரிய ஆறுகளுக்குப் பாலம் உண்டு. சிறு ஓடைகள் இருக்கும், பழகிக்கொள்ள நல்லது. மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்கு மேல் நினைக்காதீர்கள். மண்ணில் வரிவரியாக மேடு விழுந்து, பற்கள் ஒன்றோடொன்று மோதும்படி வண்டி உதறும். த்ரெகி என்ற இடத்தில் மலையேறுவோர் குடிசைகள் இருக்கின்றன, பூங்காக் காவலரும் இருப்பார். கடை கிடையாது, பெட்ரோல் கிடையாது. அங்கே இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் காற்றோ மழையோ கெடுத்தால் மறுநாள் கையில் இருக்கும்.

நீங்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கும் ஆஸ்க்யா அப்படிப் பார்த்துவிட்டு வருகிற இடம் இல்லை. 1875 மார்ச்சில் அது வெடித்தபோது சாம்பல் கிழக்கு ஐஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்களை மூடியது. ஸ்காண்டிநேவியா வரைக்கும் போய் விழுந்தது. ஆடுமாடுகளுக்குப் புல் இல்லாமல் போய், பல குடும்பங்கள் கப்பலேறி வட அமெரிக்காவுக்குப் போய்விட்டன. வெடிப்புக்குப் பின் தரை உள்வாங்கியதில் உண்டான ஏரிதான் இன்று அங்கே இருப்பது. ஆழம் சுமார் 220 மீட்டர். 1907இல் வால்டர் ஃபொன் க்னேபல், மாக்ஸ் ருட்லோஃப் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் ஒரு படகில் அந்த ஏரிக்குள் போனார்கள். திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மறு ஆண்டு க்னேபலுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த இனா ஃபொன் க்ரும்ப்கோ, ஹான்ஸ் ரெக் என்ற நிலவியலாளரோடு குதிரையில் அங்கே வந்து தேடினார். எதுவும் அகப்படவில்லை. பின்னாளில் அந்த ரெக்கையே மணந்துகொண்டார். நிலவுக்குப் போகத் தயாரான நாசா விண்வெளி வீரர்கள் 1965இலும் 1967இலும் பாறை படிக்க வந்ததும் இந்தப் பக்கம்தான்; இரண்டாவது குழுவில் நீல் ஆம்ஸ்ட்ராங் இருந்தார். எல்லோரும் நிலாக் கதையைத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ இனாவின் கதைதான் அங்கே நிற்கும்போது நினைவுக்கு வருகிறது.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஏரிக்கு இரண்டரைக் கிலோமீட்டர் நடை. 2014 ஜூலை 21 இரவு ஏரியின் ஒரு பக்கச் சரிவு அப்படியே உள்ளே விழுந்து, எழுந்த அலை பக்கத்திலிருக்கும் வீட்டி என்ற எரிமலைப் பள்ளம் வரை வந்துவிட்டது. இரவு என்பதால் கரையில் ஆள் இல்லை. 2021 முதல் மலையின் அடி மெதுவாக உப்பிக்கொண்டும் இருக்கிறது. ஆகவே காவலர் "இன்றைக்குக் கரைக்கு இறங்காதீர்கள்" என்றால் விவாதம் வேண்டாம், அத்தான்.

திரும்பும்போது, ஆறுகள் அனுமதித்தால், எஃப்-88 வழியாக ஹெர்துபிரெய்த் மலையின் காலடிக்கு வாருங்கள். 1682 மீட்டர், மேலே மேசை போலத் தட்டை. பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்து, குழம்பு பக்கவாட்டில் ஓட வழியில்லாமல் குவிந்து உண்டான உருவம் அது. கீழே ஊற்றுகள் பொங்கும் பசும்புல்வெளி. 18ஆம் நூற்றாண்டில் எய்விந்துர் என்ற தலைமறைவுக் கள்வன் அங்கே ஒரு குளிர்காலத்தை உலர்ந்த குதிரைக்கறியும் செடிக்கிழங்கும் தின்று கழித்ததாகச் சொல்வார்கள். அவன் தங்கிய பொந்து என்று ஒன்றைக் காட்டுவார்கள். குனிந்துதான் பார்க்க முடியும். ஆனால் இந்தப் பாதையில் பாலமில்லாத ஆறுகள் உண்டு. வெயில் நாட்களில் பனிப்பாறை நீர் வழிந்து பாதையில் ஏறுவதும் உண்டு. கிளம்பும் காலையில் காவலரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பெரிய வண்டி கிடைக்காவிட்டால் ஆஸ்க்யாவையே விட்டுவிட்டு க்யோலுர் பாதையில் போங்கள். அங்கே ஆறுகளுக்கெல்லாம் பாலம் இருக்கிறது, நடுவில் வெந்நீர்க் குளமும் உண்டு. அக்காவுக்கு அதுதான் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போகும் வழியையும் திரும்பும் நாளையும் அந்நாட்டு மீட்புக் குழுவின் தளத்தில் பதிந்துவிடுங்கள். அவசர எண் 112. பல இடங்களில் செல்பேசிக்குச் சிக்னல் இராது.

த்ரெகி குடிசையில் படுக்கைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே ஜூலை கடைசி வாரமா, ஆகஸ்ட் முதல் வாரமா என்று இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ஆற்றில் இறங்கி ஆழம் பார்ப்பது யார் என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடுங்கள். அக்காவிடம் கேட்டேன், முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனி