நான் போட்ட ஐந்து நட்சத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கம்பெனியில் சேருமுன், அங்கே வேலை பார்ப்பவர்கள் இணையத்தில் எழுதியிருக்கும் விமர்சனங்களைப் படித்துப் பாருங்கள் என்று சென்ற இதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் சொல்லியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அப்படி ஒரு விமர்சனத்தை எழுதியவள் நான். அது எப்படி எழுதப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

2021-இல் நாகர்கோவிலில் ஒரு சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். கீழே ஜவுளிக்கடை, மேலே ஆபீஸ். ஆறு மாதப் பயிற்சி முடிந்து வேலை நிரந்தரமாகும் நாளன்று ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டார். கன்ஃபர்மேஷன் லெட்டர் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது. "அதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை இருக்கும்மா" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். விமர்சனத் தளத்தில் கம்பெனியைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். ஆபீஸ் மெயில் ஐடியில்தான் கணக்குத் திறக்க வேண்டுமாம், அப்போதுதான் நம்பும்படி இருக்குமாம். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் ஐந்து நட்சத்திரம் போட்டேன். நிறை என்ற இடத்தில் 'நட்பான சூழல், ஆதரவான நிர்வாகம்' என்று அடித்தேன். குறை என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அந்தத் தளம் ஏற்கவில்லை. மேடம் கொஞ்சம் யோசித்தார். "கேண்டீன் இன்னும் பெருசா இருக்கலாம்னு போடு."

எங்கள் ஆபீஸில் கேண்டீனே கிடையாது. ஸ்டோர் ரூமில் பழைய மானிட்டர்களை ஒதுக்கிவிட்டு அங்கேதான் டிபன் பாக்ஸைத் திறப்போம்.

எட்டு மாதம் கழித்து குளச்சலிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் இருக்கும் டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு, தினமும் அவ்வளவு தூரம் ரயிலில் போய்வர வேண்டாமே என்று இங்கே சேர்ந்தவள். முதல் நாள் மதியம் வெறுங்கையோடு என்னிடம் வந்து, "அக்கா, கேண்டீன் எந்த மாடியில?" என்று கேட்டாள். என் சோற்றிலும் மீன்குழம்பிலும் பாதியைக் கொடுத்தேன். அந்த வரியை எழுதியது நான்தான் என்று அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பளம் சில மாதம் 18-ஆம் தேதிக்கும் மேல் தள்ளிப்போகும், இரண்டு வருடம் வேலையை விடமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டுக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதில் ஒன்றையாவது நான் எழுதியிருந்தால் அவள் டெக்னோபார்க்குக்கே போயிருப்பாள்.

இப்படி விமர்சனம் எழுதும் தளங்களில் கிளாஸ்டோர் 2008-இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆம்பிஷன்பாக்ஸ் நம் நாட்டுத் தளம், நௌக்ரி என்ற வேலைதேடும் தளத்தை நடத்துகிறவர்களுடையது. இப்படி வற்புறுத்தி எழுதவைக்கக் கூடாது என்று கிளாஸ்டோரின் விதியிலேயே இருக்கிறது. ஆனால் நாற்காலிக்குப் பின்னால் யார் நின்றார் என்பது தளத்துக்கு எப்படித் தெரியும்? போதாததற்கு, நீ ஒன்று எழுதினால்தான் மற்றவர்கள் எழுதியதை முழுதாகப் படிக்கலாம் என்றும் ஒரு ஏற்பாடு. சம்பள விவரம் பார்ப்பதற்காக, வாயில் வந்ததை எழுதிவிட்டு உள்ளே போன தோழிகள் எனக்கே இருக்கிறார்கள்.

உண்மையை எழுதலாமே, பெயர்தான் வராதே என்பீர்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் கம்பெனிக்கு அது சரி. பதினான்கு பேர் இருக்கும் ஆபீஸில், 'ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் பெண்களுக்கு வண்டி இல்லை' என்று ஒருவர் எழுதினால், எழுதியது யார் என்று மறுநாள் காலை டீ வருவதற்குள் தெரிந்துவிடும். முதலாளியின் மைத்துனருக்கு நம் சித்தப்பாவைத் தெரிந்திருக்கும். நம் மாவட்டம் அவ்வளவுதான். பெயர் தெரியாது என்பதற்கும் முழு உத்தரவாதம் இல்லை. 2022-இல் ஜூரு என்ற நியூசிலாந்து பொம்மைக் கம்பெனி கேட்டு, அதைக் குறைசொல்லி எழுதியவர்களின் விவரத்தைக் கொடுக்கும்படி கிளாஸ்டோருக்கு அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆகவே படிக்கிறவர்கள் நட்சத்திரத்தை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள். எங்கள் கம்பெனிக்கு ஒரே வாரத்தில் ஏழு விமர்சனம் வந்தது, ஏழிலும் 'ஆதரவான நிர்வாகம்'. கன்ஃபர்மேஷன் லெட்டர் கொடுத்த வாரம் அது. மூன்று நட்சத்திரம் போட்டு, 'வேலை கற்றுக்கொள்ளலாம், ஆனால் இன்கிரிமென்ட் பற்றிப் பேசினால் மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்' என்று யாராவது எழுதியிருந்தால் அவரை நம்பலாம். பெரிய கம்பெனி என்றால் ஊரையும் வேலையையும் தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும். பெங்களூரு ஆபீஸின் பெருமை திருவனந்தபுரத்துக்கு உதவாது. இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்ற பகுதியை மட்டும் நான் பெரும்பாலும் நம்புவேன், அதில் பொய் சொல்லி யாருக்கும் லாபம் இல்லை.

சிறிய கம்பெனி என்றால் நான் இப்போது முதலில் பார்ப்பது வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தை. நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்த மாதத்துக்கு, என்றைக்கு, எத்தனை பேருக்கு பி.எஃப். கட்டினார்கள் என்று வந்துவிடும். 20 பேர் இருந்தாலே பி.எஃப். கட்டாயம். இன்டர்வியூவில் எங்களிடம் '120 பேர் குடும்பம்' என்று சொன்னவர்களின் பெயரை நான் வேலையை விட்ட பிறகுதான் அங்கே தேடினேன். பட்டியலிலேயே இல்லை.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் ஏஜென்சிக்குக் கூகுளில் இருக்கும் நட்சத்திரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். இ-மைகிரேட் என்ற அரசு தளத்தில் ஏஜென்டின் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். நம் ஊரில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2023-இல் அந்த வேலையை விட்டேன். சர்டிபிகேட்டை வாங்க மூன்று தடவை படியேறினேன், அது தனிக் கதை. வந்ததும் முதல் வேலையாக என் விமர்சனத்தை அழிக்கப் பார்த்தேன். கணக்கு இருப்பது ஆபீஸ் மெயில் ஐடியில், அதை நான் வெளியேறிய அன்றே மூடிவிட்டார்கள். தளத்துக்கு இரண்டு முறை எழுதினேன், பதிலில்லை. பிறகு சொந்த மெயிலில் புதிதாக ஒரு விமர்சனம் எழுதி, கேண்டீன் இல்லை என்பதையும் சேர்த்து, இரண்டு நட்சத்திரம் போட்டேன். இப்போது என்னுடைய இரண்டு விமர்சனங்களும் அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. இரண்டையும் கூட்டி வகுத்து, எனக்கு அந்தக் கம்பெனியைப் பற்றி மூன்றரை நட்சத்திர அபிப்பிராயம் என்று தளம் கணக்கு வைத்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை.