ரவிக்கை அளவுச் சீட்டு

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு நீ அனுப்பிய புடவை வந்து சேர்ந்தது. வயசுக்கு மீறின கலர் என்று சொல்லிக்கொண்டே இரண்டு வீட்டில் காட்டிவிட்டு வந்தாள். பெரியப்பா விஷயம் பழையபடிதான், அதை எழுதி என்ன ஆகப்போகிறது. மாந்தோப்பில் பெங்களூரா நன்றாகப் பிடித்திருக்கிறது, செந்தூரா இந்த வருஷம் மோசம். நீ டீம் லீடர் ஆனதைத் தபால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டேன். காலையில் சாப்பிட்டுவிட்டு ஆபீஸுக்குப் போ.

கல்யாணத்துக்குத் தைக்கச் சொல்லி நீ அனுப்பிய அளவுச் சீட்டைக் காரிமங்கலம் டெய்லரிடம் நான்தான் கொண்டுபோனேன். மார்பு 29 இஞ்ச், இடுப்பு 24. அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, “யாருக்கு சார், ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கா?” என்றார். உன் பழைய அளவு அவர் நோட்டில் இருக்கிறது: 35, 31. எழுதும்போது தப்பியிருக்கும், கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்கவில்லை. போனில் கேட்டால் நீ “சிக்னல் சரியில்லப்பா” என்பாய். நாலு மாசமாக வீடியோவும் போடுவதில்லை. ஓசூர் தாண்டினால் வீடு, பொங்கலுக்கும் வரவில்லை.

ரிட்டயர் ஆனாலும் கை சும்மா இருக்காதே, காலண்டர் தாளைத் திருப்பிக் கணக்குப் போட்டேன். உடம்பு நடுப்பகுதியை ஓர் உருளை என்று வை. சுற்றளவைச் சென்டிமீட்டராக்கி, வர்க்கப்படுத்தி, 4π-யால் (π என்றால் 3.14) வகுத்தால் குறுக்குப் பரப்பு. மார்புக்கு 432, இடுப்புக்கு 296, சராசரி 364. அந்த நடுப்பகுதியின் உயரம் 55 சென்டிமீட்டர் என்று போட்டால் 20 லிட்டர். கை, கால், தலை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இன்னொரு பாதி. ஆக 40 லிட்டர். உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால் லிட்டரும் கிலோவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொழுப்பு தண்ணீரைவிட லேசு, எலும்பும் சதையும் கனம், இரண்டும் சேர்ந்து சமப்பட்டுவிடும். மாமா கிணற்றில் மூச்சை இழுத்துப் பிடித்தால் மிதப்பாய், விட்டால் அமிழ்ந்துபோவாய் இல்லையா, அவ்வளவு நூலிழை வித்தியாசம்.

உன் உயரத்துக்கு நாற்பது கிலோ. தப்பாகப் போட்டிருப்பேன் என்று மூன்று தடவை போட்டேன். தப்பு இருக்கத்தான் செய்கிறது. யாருக்கும் உடம்பு வட்டமாக இருக்காது, கொஞ்சம் தட்டைதான். ஒரே சுற்றளவில் அதிகப் பரப்பு கொள்வது வட்டம். அப்படியானால் நான் போட்டதைவிடக் குறைவாகத்தான் இருப்பாய். அதற்கு மேல் போட மனசு வரவில்லை, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். அம்மாவிடம் காட்டவில்லை.

ராகி மாவு ஐந்து கிலோ, வறுத்த நிலக்கடலை, எள்ளுருண்டை மூன்றும் பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன். களி கிண்ட நேரமில்லை என்றால் கூழாவது காய்ச்சு. போன தடவை அனுப்பிய மாவு வண்டு வைத்துவிட்டது என்றாயே, திறக்காமலே வைத்திருந்தால் வண்டு வைக்கத்தான் செய்யும். வெறும் காபியோடு ஆபீஸுக்குக் கிளம்பாதே.

பாப்பா, அந்த நீல டிரம் இன்னும் கொல்லையில்தான் இருக்கிறது.

எட்டாவது படிக்கும்போது டியூஷன் பிள்ளைகள் எல்லார் முன்னாலும் உன்னை அதில் இறக்கினேன். ஒகேனக்கல் தண்ணீர் வராத காலம், ஒரு டிரம் தண்ணீரை வீணாக்குகிறீர்களே என்று அம்மா வாசலில் நின்று கத்தினாள். ஆர்க்கிமிடீஸ் விதியைக் கண்ணால் காட்ட வேண்டும் எனக்கு. நீ தலை முங்கி எழுந்து வெளியே வந்தாய். வழிந்த அளவு மறுபடி ஊற்றி நிரப்பினோம். பையன்கள் ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, சத்தமாக எண்ணினார்கள். நாற்பதைத் தாண்டியதும் சிரிப்பு ஆரம்பித்தது. நீ ஈரப் பாவாடையோடு துவைக்கிற கல் ஓரமாக நின்றுகொண்டிருந்தாய், துண்டு தரக்கூட எனக்குத் தோன்றவில்லை. 48. தராசில் 46. இரண்டு லிட்டர் ஏன் கூட வந்தது என்று கேட்டேன். ஒருத்தனும் சொல்லவில்லை. உன் நெஞ்சுக்குள் இருந்த காற்றும் பாவாடை குடித்த தண்ணீரும் என்று நானே போர்டில் எழுதினேன். விடை அவ்வளவு நெருக்கமாக வந்ததில் எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் தெருவில் உன்னை ‘நாப்பத்தெட்டு’ என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியாது என்று நீ நினைத்திருப்பாய். தெரியும். டீக்கடை முன்னால் ஒருத்தன் கூப்பிட்டபோது நானும் சிரித்தேன். அந்த வாரத்திலிருந்துதான் நீ பாதிக் களியை மாட்டுத் தொட்டியில் போட ஆரம்பித்தாய். அம்மா சொன்னாள். வளர்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

பதிமூன்று வயசில் 48, முப்பத்தொரு வயசில் 40. எந்தப் பிள்ளைக்காவது இப்படி ஒரு கணக்கு கொடுத்திருந்தால், வினாவே தப்பு என்று எழுந்து நின்று சொல்லியிருக்கும்.

டெய்லரிடம் உன் சீட்டில் இருந்த அளவுக்கே தைக்கச் சொல்லிவிட்டேன். பிரித்துவிடுகிற மாதிரி உள்ளே துணி விட்டிருக்கிறார், அதுவும் அவராகச் செய்ததுதான், நான் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ரவிக்கையை எடுத்துக்கொண்டு வருகிறேன். அம்மா வரவில்லை. நீ சமைக்க வேண்டாம், தூக்கில் கொண்டுவருகிறேன். டிரம்மைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் பேச மாட்டேன், திட்ட வேண்டும் என்றால் திட்டு. நீ எந்த மாடி என்பதை மட்டும் மெசேஜ் போடு, போன தடவை இரண்டு கதவு தட்டிவிட்டேன்.

அப்பா