ஏதாவது வந்தா வாங்கன்னு அனுப்பிட்டீங்களே: காப்பீட்டுத் திட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் வர்ற ஆபத்து எனக்கும் இருக்கான்னு பாக்கற ஜீன் டெஸ்ட்டைத் திட்டத்துல பண்ண முடியுமான்னு கேக்க, போன செவ்வாய்க்கிழமை அக்காவோட ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு உங்க கவுண்டர்ல ரெண்டு மணி நேரம் நின்னேன் சார். கடைசில கெடச்ச பதில், "உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையேம்மா, ஏதாவது வந்தா வாங்க, பாக்கலாம்." சொன்ன தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல, அவர் கையில இருக்கற லிஸ்ட்ல அப்படித்தான் இருக்கு. லிஸ்ட் போடறது நீங்க, அதனால உங்களுக்கு எழுதறேன்.

அம்மா 43 வயசுல மார்பகப் புற்றுநோய்ல போய்ட்டாங்க. அக்காவுக்கு 36ல வந்துச்சு. ஆபரேஷன், கீமோ எல்லாம் உங்க திட்டத்துலதான் நடந்துச்சு, அத நாங்க என்னைக்கும் மறக்க மாட்டோம். ஜீன் டெஸ்ட் மட்டும் திட்டத்துல இல்லன்னுட்டாங்க, அக்கா வளையலை அடகு வச்சு வெளிய பண்ணோம். பிஆர்சிஏ1 ஜீன்ல கோளாறுன்னு வந்துச்சு. கூடப்பொறந்த எனக்கும் அது இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பாம். எனக்கு 33 வயசு, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க.

டாக்டரம்மா பேப்பர்ல படம் போட்டுச் சொன்னாங்க. அந்த ஜீன்ல இருந்து வர்ற புரதம், செல்லுக்குள்ள டிஎன்ஏ ரெண்டு இழையும் அறுந்து போனா சரியா ஒட்ட வைக்கற வேலையப் பாக்குது, அதோட எந்த ஜீன் வேலை செய்யணும் எது அடங்கி இருக்கணும்னு பாத்துக்கறதுலயும் அதுக்குப் பங்கு இருக்கு, ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் தூண்டுறதால மார்புச் செல்லுங்க இஷ்டத்துக்குப் பெருகாம கட்டுப்படுத்தறதுலயும்தான். பி53னு இன்னொரு புரதம், டிஎன்ஏ கெட்டுப்போன செல்லைப் பாத்தா பி21ங்கற ஜீனை முடுக்கிவிட்டு அந்தச் செல் மேற்கொண்டு பிரியாம நிறுத்திடுமாம். நல்லா இருக்கற உடம்புல இதெல்லாம் தினமும் சத்தமில்லாம நடக்குது. அம்மா வழில ஒண்ணு அப்பா வழில ஒண்ணுன்னு எல்லாருக்கும் அந்த பிஆர்சிஏ1 ஜீன் ரெண்டு பிரதி இருக்கும், எங்க வீட்டுல ஒண்ணு பொறக்கும்போதே பழுது, மிச்சம் இருக்கற ஒண்ணும் ஏதோ ஒரு செல்லுல கெட்டுப்போனா அங்க தடுக்க ஆள் கிடையாது. இந்தக் கோளாறு இருக்கற 100 பொம்பளைங்கள்ல சுமார் 70 பேருக்கு 80 வயசுக்குள்ள மார்பகப் புற்றுநோய் வருதுங்கறாங்க. இத வச்சுக்கிட்டு எப்படி சார் "ஏதாவது வந்தா" வரைக்கும் காத்திருக்கறது?

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு வீட்டுல ஒருத்தருக்கு இந்தக் கோளாறு உறுதியாயிட்டா கூடப்பொறந்தவங்களுக்கும் வயசுக்கு வந்த புள்ளைங்களுக்கும் அந்த டெஸ்ட்டைத் திட்டத்துல சேருங்க. அக்காவுக்குப் பண்ணின மாதிரி முழு ஜீனையும் படிக்கத் தேவையில்ல, எந்த இடத்துல பிழைன்னு தெரிஞ்சுபோச்சு, அந்த ஒரு இடத்தைப் பாத்தா போதும், செலவும் கம்மி. இருக்குன்னு வந்தா வருஷா வருஷம் மார்புக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துப் பாத்துக்குவேன், கர்ப்பப்பைக்குப் பக்கத்துல இருக்கற சினைப்பைக்கும் ஆபத்துங்கறதால அதுக்கும் டாக்டரம்மா சொல்றபடி செய்வேன். இல்லன்னு வந்தா எம் புள்ளைங்களுக்கு என் வழியா இந்தக் கோளாறு போகாது.

1994லயே கண்டுபிடிச்ச ஜீன் இது. அடையாறுல புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்ததே முத்துலட்சுமி ரெட்டி அம்மா தன் தங்கச்சியப் பறிகொடுத்த வேதனையிலதான்னு சொல்லுவாங்க, அப்படிப்பட்ட ஊர்ல அக்காவ வார்டுல விட்டுட்டு தங்கச்சி கவுண்டர்ல நிக்கறேன். அக்டோபர் வந்தா மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாசம்னு பிங்க் ரிப்பன் குத்திக்கிட்டு ஊர்வலம் போறீங்க, சீக்கிரமே கண்டுபிடிங்கன்னு மைக்ல சொல்றீங்க, நம்பி வந்தா நோயோட வான்னு அனுப்பறீங்க. மார்பகத்துக்கு எடுக்கற எக்ஸ்ரே, அந்த மேமோகிராம் எடுக்க எத்தன நாள் அலைய விடறாங்க, மெஷின் ரிப்பேர்னு எத்தன பேரத் திருப்பி அனுப்பறாங்க, அதெல்லாம் உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?

மன்னிச்சுக்கங்க, மனசு கொதிச்சுப் போய் எழுதிட்டேன். தயவுசெஞ்சு குடும்பத்துல மத்தவங்களுக்கும் இந்த டெஸ்ட்டை லிஸ்ட்ல சேருங்க. அக்கா ரிப்போர்ட்டோட நகலும் என் மனுவும் கவுண்டர்லயே குடுத்துட்டு வந்திருக்கேன். எடுத்துப் பாத்துட்டு ஒரு பதில் போடுங்க.

இப்படிக்கு,
உங்க திட்டத்துல பேர் இருக்கற ஒரு தங்கச்சி