ஓவன் இல்லாத வீட்டுக்கும் கோஃப்தா

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு சமையல் பக்கத்தில் துருக்கிக் கோஃப்தா (கொத்துக்கறியைப் பிசைந்து தட்டிச் சுடுவது), சோறு, தயிர் சாஸ் செய்முறை வந்திருந்தது. ருசியான சங்கதிதான். ஆனால் ‘ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்கவும், கிரீக் யோகர்ட் (நீர் வடித்த கெட்டித் தயிர்) ஒரு டப்பா’ என்று ஆரம்பித்தால், வாடகை அறையில் ஒற்றை அடுப்போடு இருக்கும் எங்கள் அடுக்குமாடி புளோக் பிள்ளைகள் அங்கேயே பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். தோசைக்கல்லே போதும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நான் இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் கொஞ்சம் கொழுப்போடு ஆட்டுக்கறி கேட்டு, கண்முன்னே இரண்டு தடவை கொத்தித் தரச் சொல்வேன். நம்மில் பலர் அதை வீட்டுக்கு வந்து அலசுகிறார்கள். தண்ணீர் ஏறிய கொத்துக்கறி கல்லில் போட்டதும் உதிர்ந்துவிடும். வெங்காயத்தைத் துருவி ஒட்டப் பிழிந்து, உப்பு, சீரகத்தூள், மல்லித்தூள், துளி பட்டைத்தூள் சேர்த்து, கையில் பசையாக ஒட்டும்வரை பிசைய வேண்டும். உப்போடு பிசையப் பிசையக் கறியின் புரதமே பிடித்துக்கொள்ளும், முட்டை வேண்டாம். பொட்டுக்கடலை மாவும் வேண்டாம், போட்டால் அப்புறம் அது கோலா உருண்டைதான். விரல் கனத்துக்குத் தட்டி, அரைமணி நேரம் குளிரவைத்து, மிதமான தீயில் சுடுங்கள். கொத்தும்போது கறியின் மேலுள்ள கிருமி உள்ளேயும் கலந்துவிடும் என்பதால் நடுவரை நன்றாக வெந்திருக்க வேண்டும்.

தயிருக்கும் டப்பா வேண்டியதில்லை. சாதாரணக் கடைத் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, ஒரு ராத்திரி குளிர்பெட்டிக்குள் விட்டால் கெட்டியாகிவிடும். வெளியே தொங்கவிட்டால் இங்குள்ள வெக்கையில் விடிவதற்குள் புளித்துப்போகும். அதில் உப்பு, நசுக்கிய பூண்டு ஒரு பல், பிழிந்த வெள்ளரித் துருவல், புதினா. சரி, இதை அடுப்பில் மட்டும் ஏற்றாதீர்கள், திரிந்துவிடும்.

சோற்றுக்குத் துருக்கியிலும் லெபனானிலும் சேமியாவை வெண்ணெயில் சிவக்க வறுத்து, அரிசியோடு சேர்த்து வேகவைப்பார்கள். நம் வீட்டில் சேமியாவுக்கா பஞ்சம்?

இனி ஓவன் குறிப்பு வரும்போது, அடுப்பில் எப்படிச் செய்வது என்றும் எழுதுபவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். இடம் போதாவிட்டால், பாதிப் பக்கத்தை அடைக்கும் அந்தப் படத்தைக் கொஞ்சம் சுருக்கலாம்.

ஒரு வாசகி,
ஈசூன்